சாய்வைப் படி, அப்புறம் பனியைப் படி: இமயமலையில் பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் கடைசியில் ஊட்டி போயிருந்தால், விடிகாலையில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனியைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் குனிந்து உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு புல் நுனியிலும் இறகு மாதிரி மெல்லிய தகடுகள் நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தெளிந்த வானம், காற்றில்லாத குளிர் இரவு, கொஞ்சம் ஈரப்பதம், இவ்வளவு இருந்தால் போதும்.

இதே தகடுகள் காஷ்மீரில் ஒரு மலைச்சரிவில் பனிக்கு மேலே முளைக்கின்றன என்று வையுங்கள். அடுத்த நாள் அவற்றின் மேல் ஒரு முழம் புதுப்பனி கொட்டுகிறது. மேலே பார்த்தால் வெள்ளை மெத்தை. அடியில், நிற்கவைத்த கண்ணாடிச் சில்லுகளின் மேல் அந்த மெத்தை உட்கார்ந்திருக்கிறது. வாரக்கணக்கில்கூட அப்படியே இருக்கும், ஒருவர் நடுவில் போய்க் கால் வைக்கும் வரை.

தமிழில் புல்லில் நிற்கும் நீரும் பனிதான், மூடுபனியும் பனிதான், இமயத்தில் கொட்டுவதும் பனிதான். மலைக்குப் போகிறவர் இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். அங்கே பனி என்பது ஒரு பொருள் இல்லை. ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு வெயில் நாளும் விட்டுச்சென்ற அடுக்குகள் அது.

கேதார்காந்தா, பிரம்மதால், குவாரி பாஸ் என்று குளிர்கால மலையேற்றம் போகிறவர்களுக்கும், காஷ்மீரின் குல்மார்கில் கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் ஏறி, ரோந்துக் குழு கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே பனிச்சறுக்கு போக ஆசைப்படுகிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டால் போதும், பயிற்சி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பயிற்சிக்குப் போகும்போது பாதி தெரிந்தவராகப் போகலாம், அவ்வளவுதான்.

முதலில் சமையலறையில் ஒரு சோதனை

ஒரு தாம்பாளத்தில் சீனியைப் பரப்புங்கள். அதன் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கோதுமை மாவைத் தூவி, உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள். இப்போது தாம்பாளத்தின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு கட்டத்தில் மாவில் குறுக்கே கோடு கோடாக விரிசல் விழுந்து, பாளம் பாளமாக மொத்தமும் இறங்கும்.

ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதை ஸ்லாப் என்பார்கள். நாம் பாளச்சரிவு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேலே ஒட்டிப்பிடித்த பாளம், நடுவில் வலுவில்லாத அடுக்கு, சறுக்கிப் போகப் போதுமான சாய்வு, தூண்டிவிட ஒரு எடை என நாலும் வேண்டும். அந்த எடை பெரும்பாலும் நாமேதான். சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைத் தூண்டியவர் அவரே அல்லது அவர் கூட வந்தவர். மலை தானாக விழுந்து ஆளை அமுக்குகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் தவறு.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், அரை மீட்டர் தடிமன் உள்ள பாளம் மலைக்குச் சின்னது. கன மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்தால்கூட அது 300 டன்னுக்கு மேல் வரும்.

இன்னொரு வகை, ஒரு புள்ளியில் தொடங்கி விசிறி மாதிரி விரிந்து இறங்கும் தளர்பனிச் சரிவு. வெயிலில் பாறை ஓரங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் சிறியது. ஆனால் கீழே பள்ளமோ செங்குத்துப் பாறையோ இருந்தால் சின்னதே போதும்.

படி 1: சாய்வைப் பார்க்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால், இதை வையுங்கள். பனிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தேர்ந்தவர்களும் தப்பாகக் கணிக்கிறார்கள். ஆனால் ஒரு சரிவு எத்தனை டிகிரி என்பதை யாரும் அளந்துவிடலாம். நேற்று அளந்தாலும் நாளை அளந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான்.

பாளச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் கிளம்புகின்றன. 38-ஐ ஒட்டி மிக அதிகம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி கொட்டக் கொட்டச் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே பாளம் கிளம்புவது அரிது. பனிச்சறுக்குக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சாய்வு எது தெரியுமா? அதே 35, 38 டிகிரிதான். வம்பே அங்கேதான்.

அளப்பது எளிது. நடைக்கோலைப் பனிமேல் சரிவு வாட்டத்தில் படுக்கவைத்து, அதன் மேல் செல்போனை வைத்து, அதிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் எண் வந்துவிடும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் சாய்வு அளக்கும் கிளைனோமீட்டர் உள்ள திசைகாட்டி ஒன்று பையில் இருப்பது நல்லது. முதல் பத்து நாள், அளக்கும் முன் வாய்விட்டு ஒரு எண் சொல்லிவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். எல்லோரும் ஆரம்பத்தில் தப்புத்தப்பாகத்தான் சொல்வார்கள். மெதுவாகக் கண் பழகிவிடும்.

வீட்டிலிருந்தே பார்க்க வரைபடம் இருக்கிறது. 1:50,000 அளவில், உயரக்கோடுகள் 40 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 1.4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும் இடமெல்லாம் 30 டிகிரிக்கு மேல். 20 மீட்டர் கோடு என்றால் அதில் பாதி. இணைய வரைபடங்களில் சாய்வுக்கு ஏற்ப நிறம் பூசிய அடுக்கும் கிடைக்கும். அதை நம்புங்கள், முழுக்க நம்பாதீர்கள். இமயமலைக்குப் பொதுவாகக் கிடைக்கும் உயரத்தரவு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு பத்து மீட்டர் செங்குத்துப் படி இருந்தால் அது படத்தில் தெரியவே தெரியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, பலர் தவறவிடுவது. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருக்கலாம். தலைக்கு மேலே இருப்பது எத்தனை டிகிரி? 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் கேங்டாக்கையும் நாதுலாவையும் இணைக்கும் சாலையில் பனிச்சரிவு இறங்கி 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்கள் அல்லர். சாலையோரம் பனியில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள். வலுவற்ற அடுக்கு பரவிக் கிடந்தால், கீழே சமதளத்தில் நடப்பவரின் எடைகூட மேலே இருக்கும் சரிவை இழுத்துவிடும்.

படி 2: அந்தப் பருவத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு சரிவில் இன்று என்ன ஆகும் என்பது நவம்பரிலேயே எழுதத் தொடங்கிவிட்ட கதை.

இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருபவை மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த அலைகள். வானிலை அறிக்கையில் மேற்கத்திய இடையூறு என்று படித்திருப்பீர்கள். நவம்பரில் ஒன்று வந்து அரை மீட்டர் பனியைப் போட்டுவிட்டுப் போகும். அப்புறம் மூன்று வாரம் பளிச்சென்று வானம். சுற்றுலாப் பயணிகளுக்குக் கொண்டாட்டம். பனிக்குள் நடப்பதோ வேறு.

தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியிலேயே இருக்கும்; நிலத்தின் சூடு அதைப் பார்த்துக்கொள்கிறது. மேற்பரப்பு இரவில் மைனஸ் 20 வரை போகிறது. அரை மீட்டர் பனியில் 20 டிகிரி வித்தியாசம் என்றால், 10 சென்டிமீட்டருக்கு 4 டிகிரி. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்கள் உருமாறத் தொடங்கும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆவி அடியிலிருந்து மேலே ஏறும். துகள்களுக்கு நடுவே இருந்த பிணைப்பு கரைந்து, ஒவ்வொன்றும் தனித்தனிப் படிகமாக வளரும். கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். உருண்டை பிடிக்கவே வராது. வழிகாட்டிகள் இதை ‘ஷுகர் ஸ்னோ’ என்றே சொல்வார்கள், சீனிப்பனி.

அதே குளிர், இரண்டு மீட்டர் பனி என்றால்? 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி. பனி கெட்டுப்போவதற்குப் பதில் மெல்ல மெல்ல இறுகும். ஆக, பனி குறைவான ஆண்டு பாதுகாப்பான ஆண்டு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஜனவரியில் பெரிய புயல் வந்து அந்தச் சீனி மேல் ஒரு மீட்டர் பாளத்தை ஏற்றும்போது தெரியும்.

காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் சில்லாய் கலான், அடுத்த 20 நாள் சில்லாய் குர்த், கடைசி 10 நாள் சில்லாய் பச்சா. பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர். சில்லாய் கலானுக்கு முன்னால் எவ்வளவு பனி விழுந்தது, எத்தனை நாள் வெறும் குளிர் மட்டும் இருந்தது என்று உள்ளூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பதில் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

இடத்துக்கு இடமும் மாறும். குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் பனி அதிகம், வெப்பமும் கொஞ்சம் கூட; புயலுக்கு அடுத்த சில நாள்தான் அங்கே பெரிய ஆபத்து. லடாக், காரகோரம் பக்கம் பனி குறைவு, குளிர் கடுமை; வலுவற்ற அடுக்கு பருவம் முழுக்க அடியில் கிடக்கும். குல்மார்கில் பழகிய கணக்கை அங்கே கொண்டுபோய்ப் போடக் கூடாது.

படி 3: கிளம்பும் முன் அறிக்கையைப் படியுங்கள்

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பு கொடுப்பது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் கீழ் இயங்கும் டிஜிஆர்இ. 1969-ல் தொடங்கி மணாலியை மையமாக வைத்து நடந்த ‘சாசே’ என்ற பனி ஆய்வு நிலையம்தான் 2020-ல் இன்னொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு இந்தப் பெயரில் நடக்கிறது. அடுத்த 24 மணி நேரத்துக்கு, மாவட்ட வாரியாக, இத்தனை மீட்டருக்கு மேலே அபாயம் இவ்வளவு என்று அறிவிப்பு வரும். மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகளும் அதை எடுத்து வெளியிடும்.

இதைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. அறிக்கை ஒரு மாவட்டத்துக்கானது. நீங்கள் ஏறப்போவது ஒரே ஒரு சரிவு. அறிக்கை ‘வேண்டாம்’ என்றால் பேச்சே இல்லை, போகாதீர்கள். ‘குறைவு’ என்றால் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐரோப்பா, அமெரிக்காவில் ஐந்து நிலை அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அங்கே அதிகம் பேர் சாவது ஐந்தாம் நிலையில் இல்லை, நடுவில் இருக்கும் மூன்றாம் நிலையில். ஐந்து என்றால் யாரும் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மூன்று என்றால் ‘பார்த்துப் போகலாம்’ என்று கிளம்பிவிடுகிறோம்.

வானிலையில் மூன்றைக் கவனியுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் புதுப்பனி என்றால் செங்குத்தான சரிவுகளை மறந்துவிடுங்கள். இரண்டாவது, சட்டென்று ஏறும் வெப்பம். மூன்றாவது காற்று, மூன்றிலும் மோசமானது அதுதான். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் ஒரு பக்கப் பனியை வாரி மறுபக்கம் குவித்துவிடும். ஒரு துளி புதுப்பனிகூட விழாமல், ஒரே இரவில், மலைமுகட்டின் மறைவுப் பக்கத்தில் ஒரு மீட்டர் பாளம் உருவாகியிருக்கும்.

படி 4: நடக்கும்போது மலை சொல்வதைக் கேளுங்கள்

முதல் தடயம் கண்ணெதிரே இருக்கும். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் தெரிகிறதா? அப்படியானால் அதே திசை பார்த்த, அதே உயரத்திலுள்ள சரிவுகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. இதைவிட நம்பகமான சோதனை எதுவும் கிடையாது.

இரண்டாவது, காலடியிலிருந்து ஓடும் விரிசல். சறுக்குமட்டையோ பூட்ஸோ பட்ட இடத்திலிருந்து பனியில் கோடு பாய்ந்து போனால் பாளம் இழுபட்டு நிற்கிறது என்று பொருள்.

மூன்றாவது ஒரு சத்தம். இதை முதல்முறை கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குல்மார்கில் அஃபர்வத் மலையின் ஓரமாக, பிர்ச் மரங்கள் முடியும் இடத்தில் நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தோம். முன்னே உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நாங்கள் சாச்சா என்று கூப்பிடுவோம். திடீரென்று தரைக்கடியில் ‘ஹூம்ப்’ என்று ஒரு சத்தம். யாரோ பஞ்சு மூட்டையைப் பள்ளத்தில் போட்ட மாதிரி. கூடவே நின்ற இடம் ஒரு விரற்கடை இறங்கியது, வயிற்றில் தெரிந்தது. அடியில் சீனிப்பனி அடுக்கு நொறுங்கும்போது அதில் இருக்கும் காற்று வெளியேறும் சத்தம் அது. அன்று நாங்கள் நின்றது 20 டிகிரி. அதனால் எதுவும் நகரவில்லை.

சாச்சா திரும்பிப் பார்த்தார். மேலே கொஞ்ச தூரத்தில் 35 டிகிரிச் சரிவு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. “சலோ, கீழே போய் நூன் சாய் குடிக்கலாம்” என்றார். விவாதம் இல்லை. எங்களில் ஒருவருக்கு ஏமாற்றம். அவ்வளவு தூரம் ஏறியாயிற்றே. அந்த வாரம் முழுக்க அந்தச் சரிவு அப்படியே நின்றது. மறுநாள் ஒரு கூட்டம் அதில் சறுக்கி இறங்கியும் போனது. அதற்காக சாச்சா எடுத்த முடிவு தப்பாகிவிடுமா? ஹெல்மெட் போடாமல் பத்து வருடம் வண்டி ஓட்டியவரைக் கேட்டால் அவரும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்வார். பனியில் தப்பான முடிவுக்குப் பெரும்பாலான நாட்களில் தண்டனை கிடைப்பதில்லை. அனுபவத்தை அளவுக்கு மீறி நம்பக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

திசையையும் கவனியுங்கள். நம் பாதி உலகில் வடக்கு நோக்கிய சரிவுக்கு வெயில் படாது. அங்கே குளிர் தேங்கி வலுவற்ற அடுக்குகள் நெடுநாள் உயிரோடு இருக்கும். தெற்கு நோக்கியவை சீக்கிரம் இறுகும். ஆனால் மார்ச், ஏப்ரலில் மத்தியான வெயிலில் நீர் ஊறிக் கூழாகி இறங்குவதும் அவைதான். வசந்தகாலத்தில் இருட்டில் கிளம்பி, பூட்ஸ் கணுக்கால் வரை புதையத் தொடங்கும் முன் இறங்கிவிட வேண்டும் என்பது அதனால்தான்.

முகட்டின் ஓரத்தில் காற்று கட்டிய பனி வராந்தா மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கார்னிஸ் என்பார்கள். மேலே நிற்பவருக்கு அது தரை மாதிரியே தெரியும். அது உடையும்போது நீங்கள் நினைப்பதைவிட வெகுதூரம் உள்ளே வந்து உடையும். கீழே விழும் அந்தத் துண்டே சரிவைத் தூண்டிவிடும்.

படி 5: தோண்டிப் பாருங்கள், ஆனால் எதற்காக என்று தெரிந்து

பாதுகாப்பான, அதே திசை பார்த்த சிறு சரிவில் ஒன்றரை மீட்டர் குழி வெட்டுங்கள். மேல்பக்கச் சுவரைச் செங்குத்தாக, வழவழப்பாகச் சீவுங்கள். இப்போது கையுறையோடு மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். முஷ்டி இறங்கினால் மிக மென்மை. அப்புறம் நாலு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் ஏறும். மேலே ஒரு விரல் அளவு கடினம், அடியில் திடீரென்று முஷ்டி இறங்கும் அடுக்கு என்றால், தாம்பாளத்தில் பார்த்த மாவும் சீனியும்தான்.

அடுத்தது தூண் சோதனை. 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணை நாலு பக்கமும் பிரித்து வெட்டி, மேலே ஷவலை (பனி அள்ளும் மண்வெட்டி) வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எப்படி உடைகிறது என்று பாருங்கள். இழுப்பறை மாதிரி வழுக்கி வெளியே வந்தால் கெட்ட செய்தி. இதையே 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி ஒரு முனையில் மட்டும் தட்டும் முறையும் உண்டு. விரிசல் ஒரே தட்டில் மறுமுனை வரை ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இந்த இரண்டாவது முறைதான் பிடிக்கும். பாளம் உடைவதைவிட உடைவு பரவுவதுதான் ஆளைக் கொல்கிறது.

என் கருத்தில் குழி என்பது ‘வேண்டாம்’ சொல்ல மட்டும்தான் பயன்பட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி வெட்டினால் வேறு விடை வரும். காலையிலேயே நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்த சரிவை, ஒரு நல்ல குழியைக் காட்டி ‘சரி, போகலாம்’ என்று மாற்றாதீர்கள்.

படி 6: கடக்க வேண்டியிருந்தால்

ஒரு நேரத்தில் ஒருவர். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டில் 5,670 மீட்டர் உயரமுள்ள திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில், ஏறிக்கொண்டிருந்த பயிற்சிக் குழு மேல் பனிச்சரிவு இறங்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. தேர்ந்த பயிற்சியாளர்களும் அதில் இருந்தார்கள். ஒரே சரிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இழப்பு கூடுகிறது, குறைகிறது.

கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். குறுகிய ஓடைப்பள்ளம் இருந்தால் சிறு சரிவும் மூன்று மீட்டர் ஆழத்துக்கு மூடிவிடும். மரங்கள், பாறைகள் மேல் அடித்துக்கொண்டால் புதையும் முன்பே உயிர் போகும். நடைக்கோல் வார்களை மணிக்கட்டிலிருந்து கழற்றுங்கள். முடிந்தவரை சரிவின் உச்சியிலேயோ, முகட்டின் மேலேயோ, அடர்ந்த காட்டுக்குள்ளேயோ பாதையை அமையுங்கள்.

இதையெல்லாம்விடக் கடினமான பகுதி மனசு. சென்னையிலிருந்து டிக்கெட் போட்டு, ஒரு வாரம் லீவு எடுத்து, பூட்ஸ் வாங்கி, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு வந்திருப்போம். கடைசி நாள். மேலே ஏற்கெனவே யாரோ போன தடம் வேறு. ‘இவ்வளவு தூரம் வந்துட்டு...’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். குழுவில் அனுபவசாலி ஒருவர் இருந்தால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பெரியவர் எதிரே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். யாராவது ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. கிளம்பும் முன் தேநீர்க் கடையிலேயே இதைப் பேசிவிடுங்கள்.

படி 7: புதைந்துவிட்டால், பத்து நிமிடம்

பீக்கன் (உடலில் மாட்டும், சமிக்ஞை அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), ப்ரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கோல்), ஷவல். எல்லைக்கு வெளியே போகும் ஒவ்வொருவரிடமும் இந்த மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. பீக்கன் எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். நல்ல பேட்டரி போட்டு, உடலோடு ஒட்டி, மேல்சட்டைக்கு உள்ளே மாட்டுங்கள். செல்போனை அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது 50. காற்றுப்பை உள்ள முதுகுப்பை நல்லதுதான், சாவு வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கும். மரத்தில் மோதினால் அது ஒன்றும் செய்யாது.

முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிடத்தில் எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது. பக்கத்தில் இருக்கும் நண்பர்தான் வந்தாக வேண்டும்.

சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள், 19,600 அடி உயரக் காவல்நிலையில் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறாவது நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டில்லியில் இறந்தார். அப்போது அந்த ஆறு நாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அது மிக மிக அபூர்வம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மற்ற ஒன்பது பேர்தான் வழக்கம்.

தேடும் முறை இது. நண்பர் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சரிவு வருமா என்று ஒரு நொடி மேலே பாருங்கள். எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்தாலும் அவரையே எல்லோரும் தேடிக்கொண்டிருப்பீர்கள். சரிந்த பனியின் மேல் வேகமாக இறங்கி, குறி கிடைத்ததும் அம்பு காட்டும் வழியே போங்கள். 10 மீட்டருக்குள் வந்ததும் நடையைக் குறைத்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடியுங்கள். 3 மீட்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்து, எண் மிகக் குறைவாக வரும் புள்ளியிலிருந்து ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். படாவிட்டால் 25 சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிச் சுற்றி வாருங்கள். பட்டதும் ப்ரோப்பை எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

நேரம் பெரும்பாலும் தோண்டுவதில்தான் போகும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அள்ள வேண்டியிருக்கும். சரிந்த பனி நின்ற மறுகணமே சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பிளாஸ்டிக் ஷவல் உடைந்துவிடும், அலுமினியம் வாங்குங்கள். ப்ரோப்புக்கு நேர் மேலே நின்று தோண்டாதீர்கள். அவர் மேல் நிற்பீர்கள். ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு கீழே தள்ளிப் போய், பக்கவாட்டில் குடைந்து வாருங்கள். பின்னால் நிற்பவர்கள் பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க, முன்னால் இருப்பவர் ஒன்றிரண்டு நிமிடத்துக்கொரு முறை மாற வேண்டும். முகம் தெரிந்ததும் வாய், மூக்கிலிருந்து பனியை எடுங்கள். மார்பை விடுவியுங்கள். மூச்சு இல்லை என்றால் ஐந்து முறை வாய்வழி மூச்சு கொடுத்துவிட்டு முதலுதவியைத் தொடருங்கள்.

உதவிக்கு 112. மேலே சிக்னல் இருக்காது. சாட்டிலைட் போன் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், வெளிநாட்டுப் பயணிகள் பலர் மாட்டியிருக்கிறார்கள். அதனால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மலையேற்றக் குழுவோடு போகிறவர்களுக்கு

கேதார்காந்தா மாதிரி இடங்களில் நீங்கள் முடிவெடுப்பதில்லை, ஏற்பாட்டாளர் எடுக்கிறார். அதனால் கேள்வி கேளுங்கள். கடைசி ஏற்றத்தில் 30 டிகிரியைத் தாண்டும் பகுதி எவ்வளவு? முந்தைய நாள் கடும்பனி என்றால் மாற்று வழி உண்டா, அல்லது கூடாரத்திலேயே நிறுத்துவீர்களா? கூடாரம் அடிக்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது? 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத் அருகே மானாவில் எல்லைச் சாலைப் பணியாளர்கள் 54 பேர் தங்கியிருந்த முகாம் மேல் பனிச்சரிவு விழுந்தது. 46 பேர் பிழைத்தார்கள், 8 பேர் இறந்தார்கள். தூங்கும் இடமும் சரிவு வரும் பாதையில் இருக்கக் கூடாது. ‘அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்’ என்று மட்டும் பதில் வந்தால், நான் பணத்தைத் திரும்பக் கேட்பேன். எனக்கு ஒரு முறை வந்தது. கேட்டேன். கிடைக்கவில்லை. போகவும் இல்லை.

குல்மார்கில் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் சுமார் 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது. அங்கே ரோந்துக் குழு கண்காணிக்கும் பகுதி சிறியது. அதைத் தாண்டினால் கட்டுப்பாடற்ற மலை. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் அந்த மலையில் பனிச்சரிவில் இறந்தார்கள். டிக்கெட் வாங்கி ஏறிய இடம் என்பதால் அது பூங்கா ஆகிவிடாது.

ஊரில் இருந்தபடியே பழக

பீக்கன் தேடுவதைப் பனியில்தான் பழக வேண்டும் என்றில்லை. நாங்கள் கோவளம் கடற்கரையில் பழகுவோம். பீக்கனை அனுப்பும் நிலையில் வைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, அலை எட்டாத உலர்ந்த மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒருவர் புதைத்துவிடுவார். மற்றவர் முதுகைத் திருப்பி நின்று, விசில் சத்தம் கேட்டதும் ஓடி வர வேண்டும். ஒரு முறை கடிகாரம் வைத்துப் பார்த்தபோது முதல் முயற்சிக்கு எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. தோண்டுவதைச் சேர்க்காமல். ஆறேழு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு வந்தேன். ப்ரோப்பை நீட்டி மணலில் குத்திக்கொண்டிருந்தபோது சுண்டல் விற்கும் பையன் ஒருவன் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “அண்ணே, யாரோட மோதிரம்?” என்று கேட்டான்.